யோர்க்‌ஷயர் மேட்டில் ஜப்பானிய எழுத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு துணுக்கு போட்டிருந்தோம். இங்கிலாந்தில் யோர்க்‌ஷயர் பக்கம் ஹாவொர்த் என்று ஓர் ஊர். ‘வதரிங் ஹைற்ஸ்’ நாவலை எழுதிய எமிலி புரொன்டி நடந்து திரிந்த மேட்டு நிலத்துக்குப் போகிற பாதைகளில் வழிகாட்டிப் பலகைகள் ஆங்கிலத்தோடு ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன, அவ்வளவுதான் செய்தி. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பழைய ஆங்கில நாவல் படிக்கிறவர்களும், படி படி என்று நெருக்கப்பட்டவர்களும், பிள்ளை படிப்பதைப் பார்த்துப் பயந்துபோனவர்களும் கணக்க இருக்கிறார்கள் போல. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கேள்வி: ஜப்பான்காரருக்கு ஏன் இந்தப் பழைய ஆங்கில நாவல்களில் இவ்வளவு விருப்பம்? அவர்களுக்கும் நம்மைப்போல ஆங்கில மோகம்தானா? எங்கள் வகுப்பில் ‘வதரிங் ஹைற்ஸ்’ படிக்கக் கொடுத்தார்கள், குறிப்புக் கொப்பியோடு சமாளித்தவர்கள்தான் அதிகம். – பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: மோகம் என்றால் அவர்கள் அதை ஆங்கிலத்தில் அல்லவா படிக்க வேண்டும், தங்கச்சி? அந்த மேட்டில் ‘டொப் விதின்ஸ்’ என்ற இடிந்த பண்ணை வீடு வரைக்கும் காற்றுக்குள் நடந்து போகிற ஜப்பானியரில் அநேகம் பேர் கதையைத் தங்கள் மொழியில் படித்துவிட்டு வந்தவர்கள். படித்தவர்கள் என்று சொல்வதும் பாதிதான் சரி, ஏனென்றால் அந்தக் கதை அவர்களிடம் புத்தகமாக மட்டும் வந்து சேரவில்லை. மியுச்சி சுசுயே என்ற பெண் 1976இல் தொடங்கி இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிற ‘கண்ணாடி முகமூடி’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடர் ஒன்று இருக்கிறது. நடிகையாக ஆசைப்படுகிற ஏழைப் பெட்டை ஒருத்தியின் கதை. அவள் மேடையில் ஏற்கிற வேஷங்களில் ஒன்று ‘வதரிங் ஹைற்ஸ்’ நாயகியான சிறு வயதுக் கத்தரின். அந்த மங்காவைப் படித்துத்தான் அந்த நாவலின் நாயகன் ஹீத்கிளிஃப் யார் என்று தெரிந்துகொண்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பெண்களே ஆண் வேஷமும் போடுகிற தக்கராசுக்கா நாடகக் குழுவும் இதை மேடையேற்றியிருக்கிறது. 1988இல் யோஷிடா யோஷிஷிகே என்ற இயக்குநர் கதையை அப்படியே தூக்கி மத்தியகால ஜப்பானில், ஒரு எரிமலைச் சரிவில் வைத்துப் படமாக எடுத்து, கான் விழாப் போட்டிக்கும் கொண்டுபோனார்.

அதன்பிறகு 2002இல் மிசுமுரா மினாயே எழுதிய பெரிய நாவல் வந்தது, ஆங்கிலத்தில் ‘எ ட்ரூ நொவல்’ என்ற பெயரில் கிடைக்கிறது. இதில் ஹீத்கிளிஃப்புக்குப் பதிலாகத் தாரோ என்று ஒரு பையன். போர் முடிந்து மஞ்சூரியாவிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய ஏழை வீட்டில் ஒண்டி வளர்ந்தவன், பணக்கார வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடியவன், பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பெரும் பணக்காரன் ஆகிறவன். எமிலியின் நாவலில் நெல்லி என்ற வேலைக்காரி கதை சொல்வாள் அல்லவா, இங்கேயும் ஃபுமிகோ என்ற வீட்டு வேலைக்காரிதான் சொல்கிறாள். ஆனால் இவள் சொல்லாமல் விட்டது என்ன என்ற கேள்வி நாவலின் கடைசியில் வந்து உட்காரும். அந்த இடத்தில் மிசுமுரா எமிலியை ஒரு படி தாண்டிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் படித்துவிட்டு வரவும்.

சரி, ஏன் இந்தக் கதை அவ்வளவு ஒட்டியது? ஆரம்பத்தில் ஒரு இடம் இருக்கிறது. பனிக்கு ஒதுங்கி அந்த வீட்டில் தங்கிய வெளியூரான் லொக்வுட், இரவில் யன்னலில் மரக்கொப்பு தட்டுகிறது என்று கண்ணாடியை உடைத்துக் கையை வெளியே விடுகிறான். கொப்புக்குப் பதிலாகப் பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஒரு சின்னக் கை அவன் விரல்களைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே விடு, இருபது வருஷமாக அலைகிறேன் என்று அழுகிறது. பரதேசி ஒருவன் ஓரிடத்துக்கு வருகிறான், செத்துப்போன ஒருத்தி அவன்முன் தோன்றித் தன் ஆறாத கதையைச் சொல்கிறாள் – ஜப்பானில் அறுநூறு வருஷத்துக்கு மேலாக ஆடப்படுகிற நோ நாடகங்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். லொக்வுட் அவர்களுக்குப் புது ஆளே இல்லை. வருஷா வருஷம் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடி ஆற்றுகிற நமக்கும் செத்த பிறகும் கோபம் ஆறாத ஒரு பெண் புதிதாக இருக்க நியாயமில்லை. ஆனால் நமக்கு அந்த நாவல் வினாத்தாளோடு சேர்ந்து வந்தது. ‘லொக்வுட்டின் பாத்திரப் பயன்பாட்டை ஆராய்க’ என்று கேட்டுவிட்டால் எந்தப் பேயும் ஓடிவிடும்.

கேள்வி: நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். டிக்கன்ஸையும் ஜேன் ஒஸ்டினையும் மொழிபெயர்ப்பில் படித்தவன் படித்ததாகச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. ஜப்பானியருக்கு ஆங்கிலம் சரியாக வராது என்பது உலகறிந்த விஷயம். அவர்கள் படிப்பது ஒஸ்டினா, மொழிபெயர்ப்பாளரா? – களுவாஞ்சிக்குடி

பதில்: சேர், உங்கள் கட்சிப்படி பார்த்தால் நம் ஊரில் தோல்ஸ்தோயைப் படித்தவர் ஒருவரும் இல்லை. கோர்க்கியும் இல்லை, செக்கோவும் இல்லை. மொஸ்கோவில் அச்சாகி, கெட்டி அட்டையோடு மலிவு விலைக்கு வந்து இறங்கிய அந்தத் தமிழ்ப் புத்தகங்களை நம் பெரியவர்கள் விடிய விடியப் படித்தார்களே, ரஷ்ய மொழி தெரியாமல் எப்படிப் படித்தீர்கள் என்று யாராவது கேட்டோமா? ஆங்கில நாவல் என்று வந்தால் மட்டும் மூலம், உச்சரிப்பு, இலக்கணம் எல்லாம் ஞாபகம் வருகிறது. ஆங்கிலம் நமக்குப் பாடம், உத்தியோகம், அந்தஸ்து, அதனால்தான்.

ஜப்பானில் அந்தச் சிக்கல் குறைவு. 1926, 27இல் அங்கே ஒரு யென்னுக்கு ஒரு புத்தகம் என்று உலக இலக்கியத் தொகுதிகளை விற்றுத் தள்ளினார்கள். 1927இல் இவானாமி என்ற பதிப்பகம், ஜெர்மனியின் ரெக்லாம் மலிவுப் பதிப்புகளை மாதிரியாக வைத்து, கைக்கடக்கமான புத்தக வரிசை ஒன்றைத் தொடங்கியது. இன்றைக்கும் அது வருகிறது. அந்த அளவுப் புத்தகத்துக்கு ‘புங்கோ’ என்று பெயர், நம் ஏ4 தாளை நாலாக மடித்த அளவுதான். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் நின்றபடி ஒரு கையால் பிடித்துப் படிக்கலாம். ஆள்பெயர் குழம்பக்கூடாது என்று பல பதிப்புகளில் முன்பக்கத்திலேயே பாத்திரங்களின் பட்டியல் இருக்கும்: இன்னார், இன்னாருடைய மகள், இத்தனையாம் பிள்ளை. பின்னால் மொழிபெயர்ப்பாளர் தன் பெயரில் நீளமாக ஒரு பின்னுரை எழுதுவார். அட்டையிலும் அவர் பெயர் எழுத்தாளர் பெயரோடு நிற்கும். கடைக்குப் போகிறவர் யாருடைய மொழிபெயர்ப்பு என்று பார்த்துத்தான் எடுப்பார்.

ஆக, அவர்கள் படிப்பது ஒஸ்டினா மொழிபெயர்ப்பாளரா என்றால், இரண்டு பேரையும்தான், தெரிந்துகொண்டே. ஒரே நாவலைத் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகப் பெயர்ப்பதில் அவர்களுக்கு அலுப்பே இல்லை. ‘வதரிங் ஹைற்ஸ்’ நாவலுக்கு ஷின்சோ பதிப்பகம் 1953இல் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டது. சரியாக அரை நூற்றாண்டு கழித்து 2003இல் அதே பதிப்பகம் கோனோசு யுக்கிகோ என்பவரைக் கொண்டு புதிதாகச் செய்வித்தது. 2006இல் கோபுன்ஷா என்ற இன்னொரு பதிப்பகம் பழைய இலக்கியங்களை இன்றைய பேச்சுநடையில் பெயர்ப்பதற்கென்றே தனி வரிசை தொடங்கியது. இங்கிலாந்துப் பிள்ளைக்கு ஒஸ்டினின் வசனம் இருநூறு வருஷப் பழசு. அதே வசனம் ஜப்பானியப் பிள்ளைக்குப் போன வருஷம் எழுதியதுபோல இருக்கும். தமிழிலும் இந்த நாவல்கள் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அநேகமாகச் சுருக்கமாக, சிறுவர்க்கு என்று, ஒருமுறை வந்து நின்றுவிடும்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நாவலை வாயால் படிப்பதில்லை, சேர்.

கேள்வி: பழைய ஆங்கில நாவல் எதிலாவது ஜப்பான் வருகிறதா? – அக்கரைப்பற்று

பதில்: வருகிறது, எதிர்பாராத இடத்தில். 1726இல் வெளிவந்த கலிவர் பயணங்களில், குள்ளர் தேசம், இராட்சதர் தேசம், பறக்கும் தீவு எல்லாம் சுற்றிவிட்டு மூன்றாம் பாகத்தின் முடிவில் கலிவர் போய் இறங்குவது ஜப்பானில். அவனுடைய சாகசங்கள் நடக்கிற நாடுகளில் நிஜமாகவே தேசப்படத்தில் இருக்கிற நாடு அது ஒன்றுதான். ஒல்லாந்தன் என்று பொய் சொல்லித்தான் உள்ளே போகிறான், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஐரோப்பியரில் ஒல்லாந்தரை மட்டும்தான் ஜப்பான் விட்டது. சிலுவையை மிதித்துக் காட்டச் சொல்கிற சடங்கிலிருந்து எனக்கு விலக்குத் தாருங்கள் என்று ஜப்பான் சக்கரவர்த்தியைக் கேட்கிறான். அவர் ஆச்சரியப்படுகிறார்: இதுவரை எந்த ஒல்லாந்தனும் இப்படிக் கேட்டதில்லையே, நீ உண்மையில் ஒல்லாந்தன்தானா? ஒல்லாந்தர் வியாபாரத்துக்காக எதையும் மிதிப்பார்கள் என்ற குத்தல் அது. அவர்களுடைய கோட்டையை நெடுங்காலம் கச்சேரியாக வைத்திருந்த மட்டக்களப்பாருக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். இன்னொரு வேடிக்கை, ‘ரொபின்சன் குரூசோ’ ஜப்பானுக்குள் முதலில் போனதும் ஒல்லாந்த மொழி வழியாகத்தான், 1850 வாக்கில்.

கேள்வி: என் மகள் ஏ.எல். எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். எங்கேயோ இருந்து ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தமிழில் எடுத்துப் படித்தாள். மறுகா வருகிற மாப்பிள்ளை ஒவ்வொருவரிலும் ஒரு நொட்டை சொல்கிறாள். வெறும் கலியாணப் பேச்சுக் கதையில் ஜப்பான்காரர் என்ன கண்டார்கள், என் மகள்தான் என்ன கண்டாள்? – ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: வெறும் கலியாணப் பேச்சு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அக்கா, ஜப்பான்காரர் கண்டதும் அதைத்தான். மாப்பிள்ளைக்கு வருமானம் எவ்வளவு, குடும்பம் எப்படி, தங்கச்சிமார் எத்தனை பேர், அந்த வீட்டில் யாராவது ஊர் சிரிக்க நடந்தார்களா – இதெல்லாம் தெரியாமல் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடிக்க முடியாது என்பது அதை எழுதிய ஒஸ்டினுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ஜப்பானில் நடுவர் வைத்துப் பெண் மாப்பிள்ளையைச் சந்திக்க வைக்கிற குடும்பங்களுக்கும் தெரியும். அங்கே காதல் கலியாணங்கள் பேச்சுக் கலியாணங்களை எண்ணிக்கையில் முந்தியதே 1960களின் கடைசிப் பகுதியில்தான். கதாநாயகி எலிசபெத்தின் தாய் புதிதாகக் குடிவந்த பணக்காரப் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் புருஷனைப் பிடித்து உலுக்குகிற அந்த முதல் அத்தியாயத்துக்கு டோக்கியோவில் யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்பட்டிருக்காது.

கதையின் முடிச்சைப் பாருங்கள். எலிசபெத்தின் தகப்பன் பெனட், அவர் வீட்டில் ஐந்தும் பெண். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது நம் பழமொழி, ஆனால் அங்கே பிரச்சினை அதுவுமில்லை. தகப்பன் கண்ணை மூடினால் வீடும் காணியும் ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று எழுதி வைத்த சொத்து அது. அதனால் கொலின்ஸ் என்ற அசட்டு உறவுக்காரன் ஒருவன் வந்து, நாளைக்குத் தனக்கு வரப்போகிற வீட்டில் கதிரை மேசையை எல்லாம் புகழ்ந்துகொண்டு சாப்பிடுகிறான். ஜப்பானில் 1898இன் குடியியல் சட்டம் வீட்டுத் தலைமையையும் சொத்தையும் பொதுவாக மூத்த மகனுக்குக் கொடுத்தது. 1947இல்தான் அது மாறியது. ஆனால் பெண் மட்டுமே உள்ள வீட்டுக்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது: மாப்பிள்ளையையே மகனாகத் தத்தெடுத்து வீட்டுப் பெயரை அவனுக்குக் கொடுத்துவிடுவது. பெனட் ஜப்பானியராக இருந்திருந்தால் மூத்தவளுக்கு அப்படி ஒருவனைப் பிடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் புத்தக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார்.

பெனட் நம் மட்டக்களப்பில், எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ பிறந்திருந்தால்? கொலின்ஸுக்கு வாசல்படியே இல்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேற வேண்டும், குடியும் தாய்வழி. அந்தப் பக்கம் அக்கரைப்பற்று, கல்முனை முஸ்லிம் வீடுகளிலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் பெனட்டுக்கு அது இன்னும் பெரிய தலையிடி. ஐந்து மகளுக்கு ஐந்து வீடு! கடைசி வீட்டுக்குச் சீலிங் அடிக்கும் வரைக்கும் மனுஷன் வெளிநாட்டில் நின்றிருப்பார்.

ஜப்பானிய எழுத்தாளர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நோகமி யாயெகோ என்பவர், கிட்டத்தட்ட நூறு வயது வரை வாழ்ந்த எழுத்தாளர், 1920களின் கடைசியில் ‘மாச்சிகோ’ என்று ஒரு நாவல் எழுதினார். அவருடைய கணவர்தான் ஒஸ்டினின் இந்த நாவலை 1926இல் முழுதாக ஜப்பானிய மொழியில் தந்தவர். மாச்சிகோ நல்ல வசதியான வீட்டுப் பெண். பேசிவருகிற கலியாணம் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, புரட்சி பேசுகிற ஒருவனை நம்பிப் போகப் பார்க்கிறாள். அவன் மாச்சிகோவின் சிநேகிதியையே கர்ப்பமாக்கி இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான், முன்னே தான் மறுத்த ஆராய்ச்சியாளரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாள். ஒஸ்டின் கதையில் எலிசபெத் முதலில் மறுக்கிற டார்சியும், இனிக்கப் பேசி ஏமாற்றுகிற விக்கமும் அப்படியே இருக்கிறார்கள், ஆனால் விக்கம் கையில் துண்டுப்பிரசுரம்.

இதைவிடப் பெரிய உதாரணம் தனிசாகி ஜுனிச்சிரோவின் ‘மகியோகா சகோதரிகள்’. ஒசாக்காவில் நொடிந்துபோய்க்கொண்டிருக்கிற பழைய குடும்பம், நாலு சகோதரிகள், மூன்றாமவள் யுக்கிகோவுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள், அந்த நாவல் முழுக்கத் தேடுகிறார்கள். அவளுடைய கண்ணுக்கு மேலே இலேசாக ஒரு புள்ளி வரும், மறையும். சம்பந்தம் பேச வருகிற நாளில் அது தெரியுமா தெரியாதா என்று அக்காமார் படுகிற பதற்றம் பக்கம் பக்கமாக வரும். அதைப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள், பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பீர்கள். அது ஒஸ்டினைப் பார்த்து எழுதியது என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவர்கள் ஒப்பிடாமல் விடுவதில்லை. 1943இல் அது பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியபோது, போர்க்காலத்தில் பெண்களுடைய கிமோனோவும் சம்பந்தப் பேச்சும் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இராணுவம் நிறுத்திவிட்டது. தனிசாகி வீட்டில் இருந்து எழுதிக்கொண்டே போனார், போர் முடிந்து 1948இல் முழுதாக முடித்தார்.

மகள் விஷயம்: வருகிறவனில் நொட்டை சொல்கிறாள் என்றால் புத்தகத்தைப் பாதிதான் படித்திருக்கிறாள். எலிசபெத் தானும் பிழையாக மதிப்பிட்டதைக் கண்டுபிடிப்பது மற்றப் பாதியில். அதையும் படிக்க விடுங்கள். அதே நேரத்தில் சார்லட் என்ற சிநேகிதி, இருபத்தேழு வயது ஆகிவிட்டதே என்று அந்தக் கொலின்ஸைக் கட்டிக்கொண்டு, புருஷன் ரோட்டுப் பக்கத்து அறையில் இருக்கட்டும் என்று தான் பின்பக்க அறையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருக்கிறாளே, அந்த இடத்தை நீங்களும் ஒருதரம் படியுங்கள். அவசரப்பட்டுக் கட்டிவைக்கிற தாய்மாருக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

கேள்வி: நான் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படப் பைத்தியம். ஆங்கில நாவலை வைத்து எடுத்த அனிமே இருக்கிறதா? – வாழைச்சேனை

பதில்: தம்பி, நீ ஏற்கனவே பார்த்திருப்பாய், தெரியாமல். ‘ஹௌல்ஸ் மூவிங் காசல்’ டயனா வின் ஜோன்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் 1986 நாவல், மியசாகி என்ற இயக்குநர் 2004இல் கிப்லி ஸ்டூடியோவில் படமாக்கினார். அதே கிப்லி ஸ்டூடியோவின் ‘அரியெட்டி’, ‘மார்னி’ இரண்டும் இங்கிலாந்துச் சிறுவர் நாவல்கள்தான். இங்கிலாந்தின் நோர்ஃபோக் கரையில் நடக்கிற மார்னியின் கதையை ஹொக்கைடோவுக்கு மாற்றினார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1985இல் வந்த ‘லிட்டில் பிரின்சஸ்’ தொடரும் அப்படித்தான், இந்தியாவில் பிறந்து லண்டன் விடுதிப் பள்ளியில் அனாதையாகிற சாராவின் கதை. நாவலே இல்லாமல் ஆங்கில நாவல் போல எழுதிய மங்காவும் உண்டு. மோரி கவோருவின் ‘எம்மா’ ஒஸ்டினின் எம்மா அல்ல, விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு வேலைக்காரப் பெண்ணும் பெரிய வீட்டுப் பையனும். அந்தக் காலத்து உடுப்பு, கண்ணாடி, தேநீர்ச் சாமான் எல்லாவற்றையும் அவர் வரைந்திருக்கிற பொறுமைக்காகவே பார்க்கலாம்.

ஆனால் இதில் ஆகப் பெரிய கூத்து ‘ஃபிளாண்டர்ஸ் நாய்’. உய்டா என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலப் பெண்மணியின் 1872ஆம் ஆண்டுக் கதை. பெல்ஜியத்தில் அண்ட்வெர்ப் நகருக்குப் பக்கத்தில் நெலோ என்ற ஏழைப் பையனும் பத்ராஷ் என்ற நாயும் பால் வண்டி இழுத்துப் பிழைக்கிறார்கள். அவனுக்குச் சித்திரக்காரன் ஆக ஆசை. தேவாலயத்தில் ரூபென்ஸின் ஓவியங்கள் திரைபோட்டு மூடியிருக்கும், காசு கொடுத்தால்தான் காட்டுவார்கள். நத்தார் இரவில் திரை விலகியிருக்க, நிலா வெளிச்சத்தில் அந்த ஓவியங்களைப் பார்த்தபடி பையனும் நாயும் குளிரில் விறைத்துச் சாகிறார்கள். 1975இல் இது தொலைக்காட்சித் தொடராக வந்து ஜப்பானையே அழவைத்தது. பிறகு ஜப்பானியர் அண்ட்வெர்ப்புக்குப் போய் நெலோ செத்த இடம் எது என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரருக்கு விளங்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கதை இருப்பதே அவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது! கடைசியில் 1985இல் அங்கே பையனுக்கும் நாய்க்கும் சிலை வைத்தார்கள். பிறகு தேவாலயத்துக்கு முன்னாலேயே நினைவுச் சின்னமும் வந்தது. எழுதியது ஆங்கிலத்தில், நடந்தது பெல்ஜியத்தில், அழுதது ஜப்பானில்.

கேள்வி: ஆங்கிலேயன் நம்மை ஆண்டான், அதனால் அவன் இலக்கியத்தைப் படித்தோம். ஜப்பானை அவன் ஆளவே இல்லையே, அவர்களாகப் போய் ஏன் தலை கொடுத்தார்கள்? இதுவும் ஒரு அடிமைப் புத்திதானே? – காரைதீவு

பதில்: இந்தச் சந்தேகம் ஜப்பானில் ஆங்கில இலக்கியம் படித்த முதல் ஆட்களில் ஒருவருக்கே வந்தது. நட்சுமே சோசெகி, பிற்காலத்தில் ஆயிரம் யென் தாளில் படம் போடுகிற அளவுக்குப் பெரிய நாவலாசிரியர். 1900இல் அரசாங்கம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. உதவிப்பணம் கொஞ்சம். அதையும் புத்தகத்துக்குச் செலவழித்துவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக வாடகை அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். நட்சுமேக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊருக்குச் செய்தி போகிற அளவுக்குப் படித்தார். தன் வாழ்க்கையிலேயே மிகக் கசப்பான இரண்டு வருஷம் அதுதான் என்று பின்னால் எழுதினார், ஓநாய்க் கூட்டத்துக்குள் அகப்பட்ட ஒரு நாயைப் போல இருந்தேன் என்றும்.

அந்த அறையில் அவர் பிடித்துக்கொண்ட கேள்விதான் முக்கியம். ஒரு ஆங்கிலக் கவிதை நல்லது என்று ஆங்கில விமர்சகன் சொல்கிறான், எனக்கு அப்படித் தெரியவில்லை, நான் யாரை நம்புவது? 1914இல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இதைப் போட்டு உடைத்தார்: வெள்ளைக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இரவல் உடுப்பு, என் சொந்த நிலையிலிருந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அப்படித் தன் கண்ணால் பார்த்தபோதும் ஒஸ்டின் அவருக்குப் பிடித்திருந்தார். 1907இல் வந்த அவருடைய ‘இலக்கியக் கோட்பாடு’ நூலில், பெனட் தம்பதிகளின் அந்த முதல் அத்தியாயப் பேச்சையே எடுத்து வைத்து, ஒன்றுமில்லாததுபோல் இருக்கிற இந்த உரையாடலில் இரண்டு மனிதரின் முழு வாழ்க்கையும் தெரிகிறது பாருங்கள் என்று காட்டுகிறார். ஆங்கிலேயரில் இத்தனை எரிச்சல் உள்ள ஆள் ஒஸ்டினை விட்டுக்கொடுக்கவில்லை. இது அடிமைப் புத்தி என்றால் அடிமைப் புத்திக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும்.

நமக்கு ஆங்கிலம் வேறு வழியால் வந்தது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்பில் வந்து இறங்கி, அடுத்த வருஷமே இறந்தும் போனார், ஆனால் பள்ளிக்கூடம் நிலைத்துவிட்டது. அதிலிருந்து இங்கே ஆங்கிலம் என்றால் பள்ளிக்கூடம். ஆனால் காரைதீவிலிருந்து இந்தக் கேள்வியை அனுப்பியதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் ஊர் விபுலாநந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதினாரே, உங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து, நம் பழைய நூல்கள் சொல்கிற மெய்ப்பாடுகளை வைத்து அளந்து பார்க்கிறார். ஆங்கில விமர்சகன் என்ன சொன்னான் என்று கைகட்டி நிற்கவில்லை, நம் முழக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். லண்டன் அறையில் சோசெகி தேடிய வழியும் கிட்டத்தட்ட இதுதான். என்ன, சோசெகிக்குப் பின்னால் இவானாமியும் ஷின்சோவும் நூற்றுக்கணக்கான மொழிபெயர்ப்பாளர்களும் வந்தார்கள். அடிகளாருக்குப் பின்னால் நாம் அவருக்குச் சிலை வைத்தோம், மாலை போட்டோம்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்கள், ஷெர்லொக் ஹோம்ஸைத் தொடவே இல்லையே? – பொத்துவில்

பதில்: இடம் போதாமல் விட்டது, மறந்து அல்ல. ஹோம்ஸ் கதை ஒன்று 1894இலேயே ஜப்பானிய மொழிக்குப் போய்விட்டது. ரசிகர்களுக்கென்று 1977இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது. நகானோ மாகாணத்தில் கருயிசாவா என்ற மலை ஊரில், ஒய்வாகே என்ற பகுதியில், 1988இல் ஹோம்ஸுக்கு ஆளுயரச் சிலையும் வைத்திருக்கிறார்கள். அந்த மலைக்கும் ஹோம்ஸுக்கும் கதைப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. ஹோம்ஸ் கதைகள் முழுவதையும் முதன்முதலாக ஜப்பானிய மொழியில் தந்த நொபுஹாரா கென் என்பவருக்கு அங்கே ஒரு வீடு இருந்தது, அதனால் சிலை அங்கே நிற்கிறது.